சுடர் விலகிய பலகை

பெரம்பலூரில் என் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரம் செதுக்கும் சிறிய சி.என்.சி. மெஷின் ஒன்று இருக்கிறது. உதிரிபாகங்களை வாங்கி நானே பூட்டியது. ஆபீஸ் போகாத நாட்களில் அதோடுதான் மல்லுக்கட்டு. ஊருக்கெல்லாம் பெயர்ப்பலகை செதுக்கிக் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை நம்பித்தான் மீன்சுருட்டியிலிருக்கும் என் அக்கா தேக்குப்பலகையைக் கொடுத்தனுப்பினாள்.

மாமா வயல் வரப்பில் வைத்து வளர்த்த மரம் அது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனியாக நின்று வீடு கட்டினாள். மரத்தின் பெரும்பகுதி நிலைக்கும் வாசற்கதவுக்கும் போய்விட, மிஞ்சியது பூஜையறைக் கதவின் நடுப்பலகை. அதில் குத்துவிளக்கு செதுக்க வேண்டும்.

"வூடு குடிபோறப்ப நான்தான் வெளக்கேந்தி முன்னாடி போவேன்டா. புருசன் இல்லாதவ போகக்கூடாதுன்னு எவ சொன்னாலும் சரி" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்தத் தைரியம் அவளுக்கு எளிதில் வந்ததல்ல. மாமா கூடவே வருவதாக அந்த மரத்தைப் பார்த்துத்தான் அவள் நம்பினாள்.

பலகையை மெஷினில் ஏற்றிய காலையில், அக்கா வீட்டில் வேலை செய்த ஆசாரி போனில் கூப்பிட்டார். "நாளைக்கு அஷ்டமி, அடுத்து நவமி. கதவுல பலகையப் பூட்ட மாட்டேன். இன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள பலக வந்துடணுங்க சார்."

அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறிப் போயாக வேண்டும். மெஷினோ ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகச் சுற்றுவது. ஒவ்வொரு படியையும் மைக்ரோஸ்டெப்பாக, பொடிப்பொடியாகப் பிரித்துக் கொடுத்தால் செதுக்கல் வழவழவென்று வரும். ஆனால் வேகத்தை ஏற்றினால் அத்தனை பொடிக்கும் கட்டளை அனுப்பிக் கட்டுப்படியாகாது. மோட்டாரும் இழுவை குறைந்து சில படிகளைத் தவறவிடும். தவறவிட்டது மெஷினுக்குத் தெரியாது. சரியான இடத்தில் இருப்பதாக நினைத்து மேலே வெட்டிக்கொண்டே போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். படிகளைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்; என்ன, வரிவரியாக வந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம். அக்கா வீட்டுக்கு வரிவரியான விளக்கா என்று கௌரவம் பார்த்தேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வழவழப்பை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் ஏற்றிவிட்டு, சட்டை மாற்ற முன்னறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது தண்டும் தட்டும் அழகாக வந்திருந்தன. சுடர் மட்டும் விளக்கை விட்டு விலகி, ஓரமாகத் தனியே எரிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பெரிய கணு. வேறு பலகையும் கிடையாது.

அப்படியே எடுத்துப் போனேன். அக்கா பலகையைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் முந்திக்கொண்டாள். "நீங்க வெளக்கேந்தறத அண்ணனே வேணாங்குறாரு பாருங்க அண்ணி. வெளக்கு ஒரு பக்கம், சுடரு ஒரு பக்கம்."

"அதெல்லாம் இல்லக்கா. மோட்டாரு ஸ்டெப்ப வுட்டுடுச்சு. நான்தான் அவசரத்துல வேகத்த ஏத்துனேன். மாமாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னயத் தேத்தறதுக்குப் பழிய உன்மேல போட்டுக்கிற. வுடுடா தம்பி."

மறுபடி மறுபடி சொன்னேன். மைக்ரோஸ்டெப், இழுவை, வேகம் என்று நான் விளக்க விளக்க, அவளுக்கு அது ஆறுதல் வார்த்தையாகவே கேட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி நல்லவனாகிவிட்ட பாவியை அன்றுதான் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆசாரி அந்தப் பலகையையே கதவில் பூட்டினார். அக்காதான் பூட்டச் சொன்னாள்.

குடிபோன அன்று விளக்கைத் தன் மகன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு அக்கா வாசலோரமாக ஒதுங்கி நின்றாள். நாத்தனார் போனாள், பங்காளிகள் போனார்கள், பால் காய்ச்ச அடுப்பும் மூட்டியாயிற்று.

"வாக்கா" என்றேன்.

"எல்லாரும் போவட்டும்டா" என்றவள், வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளைக் குனிந்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் வீட்டுக்குள் கடைசி ஆளாக நுழைந்தாள்.