சாவோலாவின் மேல் வைத்த நேர்த்தி

டெஸ்மன் கிழமை நாட்களில் நியூசிலாந்தின் மனுகாவில் புதுக் கட்டடங்களுக்கு வயர் இழுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தகனினியில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் லப்டொப்பைத் திறந்து மிருகம் தேடுகிறவன்.

லாவோசுக்கும் வியட்நாமுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது அன்னமைற் மலைத்தொடர். கிழக்குக் கடலின் மழை வந்து முட்டுகிற அந்த ஈரக்காடுகளில் மட்டும் வாழ்ந்த மிருகம் சாவோலா. மாட்டுச் சாதி, மானின் சாயல், நேரான இரண்டு கொம்பு. பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற கம்பிக் கண்ணிகளில் அதுவும் மாட்டி மாட்டி அருகிவிட்டது. 2013க்குப் பிறகு எந்தக் கமராவிலும் விழவில்லை. தேடுகிறவர்கள் அனுப்பும், காட்டில் கட்டிவைத்த கமராக்கள் பிடித்த படங்களைச் சம்பளமில்லாமல் பார்த்துக் கொடுப்பவர்களில் டெஸ்மனும் ஒருவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். பன்றி, குரங்கு, நனைந்த இலை.

"இஞ்ச புல்லு வெட்ட ஆளில்லை, இவர் லாவோசில மாடு மேய்க்கிறார்," என்பாள் மனைவி ஷாமிலா.

அதற்குமேல் சொல்லமாட்டாள். டெஸ்மனின் தம்பி றெக்சன் ஈழப் போரின் கடைசி நாட்களில் காணாமற் போனவன். மன்னாரில் இருக்கும் தாய், மரித்தோர் திருநாளில் றெக்சனுக்கு ஒரு பூசை கொடுப்போம் என்று வருஷா வருஷம் கேட்பார். "உடம்பைக் காணாமல் என்ன பூசை அம்மா?" என்று டெஸ்மன் மறித்துவிடுவான்.

இந்த வருஷம் அவனே களைத்துப்போனான். தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தான்: தேட மிஞ்சியிருந்த கடைசிப் பள்ளத்தாக்கின் படங்களில் சாவோலா தெரிந்தால் தம்பியும் இருக்கிறான், தெரியாவிட்டால் அம்மா சொன்னபடி பூசை. தம்பியின் உயிரை ஒரு மாட்டின் தலையில் கட்டுகிறது என்ன புத்தி? துக்கத்துக்கு ஏது புத்தி!

படங்கள் முடிந்தன. சாவோலா இல்லை. டெஸ்மன் மேசையில் தலையை வைத்து விம்மி அழுதான். ஷாமிலா முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு வைத்த நேர்த்திப்படி தாய்க்குப் போன் எடுத்தான்.

"பூசைக்குக் குடுங்கோ அம்மா. நான் மறிக்கேல்லை."

தாய் போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவரே எடுத்தார்.

"பங்குச் சுவாமியிட்டப் போனனான். பூசை உயிரோட இருக்கிறவருக்கோ, மரிச்சவருக்கோ எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீங்கள்?"

"மரிச்சவருக்கெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவன்ர சுகத்துக்கெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். நீ மறிப்பாய் எண்ட தைரியத்திலதான் ராசா நான் ஒவ்வொரு வருஷமும் கேட்டனான்."