வெள்ளிமலைக்குப் போன கேபினட்

பழைய ப்ராசஸரை விற்ற பிறகுதான் என் மனைவி சொன்னாள், வேலைக்கான சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிதான் கடைசி என்று. இப்படித்தான் பல பேரிடம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. அவள் முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தாள். என் காதில் ஏறியது விற்ற பிறகுதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் ஊர் ஊராக ரோட்டில் உட்கார்ந்த நாட்கள். காலையில் ஓடும் சேலம் பஸ் மத்தியானம் ஓடாது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார்கள். எனக்கோ, எங்கேயாவது ஒரு லாரி நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் என் பார்சல் அதில் இருக்குமோ என்பதுதான் கவலை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவன். கல்யாணமாகி, முன்மண்டையில் வழுக்கை ஏறிய பிறகும் கேம் ஆடுகிறவன். கேமிங் கம்ப்யூட்டரை ஒரேயடியாக வாங்க வக்கில்லாததால் துண்டு துண்டாகக் கட்டினேன். பழையதைக் கழற்றி விற்பது, புதியதை வாங்கிப் போடுவது. முதலில் ரேம். பிறகு பழைய ஹார்ட் டிஸ்க் போய், சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்எஸ்டி வந்தது. அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அதற்குக் கரண்ட் போதவில்லை என்று பெரிய பவர் சப்ளை. கடைசியில்தான் ப்ராசஸர், கம்ப்யூட்டரின் மூளை. பழைய மூளையை வெள்ளிமலையில் வேலை பார்க்கும் ஒரு வாத்தியார் வந்து வாங்கிப் போனார். புதியது ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியது, மறியலில் மாட்டிக்கொண்டது.

என் மனைவி மூன்றாவது தடவை எழுதி அந்த அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். சான்றிதழ்களை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அசல்கள் கையில் இல்லை. அவள் தற்காலிகமாகப் பாடம் எடுத்த தனியார் கல்லூரியில், பாதியில் ஓடிவிடக் கூடாதென்று எல்லாருடைய அசலையும் வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பார்கள். கொரோனாவுக்கு மூடிய கல்லூரி இன்னும் திறக்கவில்லை. சாவி வைத்திருந்தவர் போனை எடுப்பதில்லை. கொடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்த நகல்கள் மட்டும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. "எதுக்கும் மெயில்ல ஒரு காப்பி போட்டு வையுங்க" என்று அவள் சொன்னபோது, "போடறேன்" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போடாததும் ஞாபகம் இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் கூரியர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஓடிப்போய் வாங்கி வந்து, புது ப்ராசஸரைப் பொருத்தி, சூடு தணிக்கும் பேஸ்ட்டைத் தடவி, ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"இன்னாங்க, ஓடுதா?" என்றாள் சமையல்கட்டிலிருந்து.

"ஓடுது" என்றேன். ஃபேன் ஓடியதே.

கழற்றி மாட்டினேன். ரேமை இடம் மாற்றினேன். முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. கடைசியில் சென்னையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "பயாஸ் அப்டேட் பண்ணியா?" மதர்போர்டுக்குள் இருக்கும் அந்தப் புரோகிராமைப் புதுப்பித்தால்தான் அது புது ப்ராசஸரை அடையாளம் காணும். புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் பழைய ப்ராசஸர் வேண்டும். அதைத்தான் நான் மலைக்கு அனுப்பிவிட்டேனே.

"வித்துட்டியா? அப்டேட் பண்றதுக்கு முன்னாடியேவா?" என்று அவன் சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போடலாம்தான். தெருவில் இருந்ததெல்லாம் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்கள். அந்தச் சூயிங்கம் பட்டைக்கு அவற்றில் இடம் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் எங்கேயாவது மாட்டியிருப்பேன். மறுநாள் டவுனில் கடையடைப்பு என்று வேறு சொல்லிவிட்டார்கள். நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய கம்ப்யூட்டரில் அவளுடைய வேலையை வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். சாதத்தை வடித்து முடித்துவிட்டு வந்து, "அந்த வாத்தியாருக்கு போன் பண்ணுங்க" என்றாள்.

வாத்தியாரும் என்னைப்போலத் துண்டு துண்டாகக் கட்டுகிற ஆள்தான். ப்ராசஸர் மட்டும் வாங்கியிருக்கிறார். போர்டு இன்னும் வாங்கவில்லை. "பீரோல அப்படியே இருக்குது சார், வாங்க. மானிட்டர் இல்ல, டிவி இருக்குது" என்றார். மறியலைத் தாண்டி ஒரு தடவை போவதே பெரும்பாடு. போய், வாங்கி, திரும்பி வருவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டால்? அதனால் எல்லாம் அடங்கிய பெட்டியை, கேபினட்டையே தூக்கிக்கொண்டு போவதென்று முடிவு செய்தோம்.

காலை ஏழு மணிக்கு பைக்கில் கிளம்பினோம். கிராபிக்ஸ் கார்டைத் தனியே கழற்றி, அவளுடைய பழைய சேலையில் சுற்றி, பையில் போட்டு என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். போர்வை சுற்றிய கேபினட்டைப் பின்சீட்டில் அவள் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது. "மெதுவா போங்க" என்று அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது.

கச்சிராயபாளையம் போவதற்குள் நின்றுவிட்டோம். ரோட்டின் குறுக்கே ஒரு டிராக்டர், இரண்டு புளியங்கட்டை, நூறு பேருக்குக் குறையாத கூட்டம். முன்வரிசையில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா. முந்தின வாரம் மறியலுக்கு வரச்சொல்லி அவர் கூப்பிட்டபோது, கடையில் ஸ்டாக் எடுக்கிறோம் என்று டபாய்த்திருந்தேன்.

"இன்னாடா, கூப்புட்டா வரல, இப்ப டிவியைத் தூக்கினு எங்க போற?"

"டிவி இல்ல சித்தப்பா, கம்ப்யூட்டர். வேலைக்கு சர்டிபிகேட் ஏத்தணும், இன்னிக்கு அஞ்சரைக்குள்ள."

"எதுல ஏத்தணும்?"

"கம்ப்யூட்டர்லதான்."

"அதான் கையிலயே வெச்சிகினு இருக்கியே. ஒக்காந்து ஏத்து."

கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? பயாஸைப் பற்றி அந்த நடுரோட்டில் எப்படி விளக்குவது? அப்போதுதான் என் மனைவி பின்னாலிருந்து பேசினாள்.

"மாமா, என் ஜாதி சர்டிபிகேட்டும் இதுக்குள்ளதாங்க மாட்டிகினு இருக்குது. இன்னிக்கு உட்டா வேலை போச்சி."

சிரிப்பு நின்றது. சித்தப்பா எழுந்து துண்டை உதறினார். "எதுக்குடா ஒக்காந்துகினு இருக்கோம் நாம? புடிங்கடா வண்டியை" என்றார். நான்கு பேர் வண்டியைத் தூக்கிக் கட்டைக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். கேபினட்டை மட்டும் அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு டிராக்டரைச் சுற்றி நடந்து வந்தாள்.

இதே போல இன்னும் இரண்டு இடத்தில் நின்றோம். மலை ஏறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"கரண்டு போயி ஒரு மணி நேரம் ஆவுது சார். காத்துல மரம் வுழுந்துடுச்சின்றாங்க."

ப்ராசஸரை மாற்றிப் பொருத்தினேன். அதன் அடியில் தலைமுடி போல நூற்றுக்கணக்கான கம்பிகள். ஒன்று வளைந்தாலும் தீர்ந்தது கதை. வாத்தியார் டார்ச் பிடிக்க, மூலைக் குறி பார்த்து மெதுவாக இறக்கினேன். கிராபிக்ஸ் கார்டையும் திரும்பப் போட்டு, டிவியில் மாட்டினேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. வாத்தியார் வீட்டில் சோறு போட்டார்கள். என்ன குழம்பு என்று தெரியாமல் சாப்பிட்டேன். இரண்டு மணி. மூன்று மணி. என் மனைவி சுவிட்ச் போர்டில் இருந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு அந்த விளக்கு எரிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். டிவியில் படம் வந்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அதற்கடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கை சட்டைப் பைக்குப் போனது. பயாஸ் அப்டேட் போட்டு வைத்திருந்த பென் டிரைவ் அதில் இருந்தது. கரண்ட் இருக்கும்போதே அதை முடித்துவிட்டால் புது ப்ராசஸர் ஓடும் என்று மனம் கணக்குப் போட்டது. பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும், நகல்களும் உள்ளேயே இருந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பென் டிரைவ் பாதி வெளியே வந்துவிட்டது. அவள் என் கையைப் பார்த்தாள். திரும்ப உள்ளே தள்ளினேன்.

சான்றிதழ்களைத் தேடினேன். அந்த டிவி பெரியது. எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு கேமுக்கும் அதனதன் பெயரில் ஒரு போல்டர். நான் ஆடி ரெக்கார்டு செய்த வீடியோக்களுக்கு வருஷவாரியாகப் போல்டர். கழற்றி விற்ற பாகங்களின் போட்டோக்களுக்குக்கூட ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. திறந்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், சாதிச் சான்றிதழ் என்று அவளுடையது எல்லாம் அங்கேதான் இருந்தது.

"மற்றவையிலயா வெச்சிருந்தீங்க?" என்றாள்.

"அவசரத்துல வெச்சது" என்றேன். பக்கத்திலேயே தேதி இருந்தது. வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாத்தியார் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அவளுடைய போனில் நகல்களை ஏற்றிக்கொண்டு, கேபினட்டை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தோம். வெள்ளிமலையில் எங்கள் போன்களுக்கு சிக்னல் இல்லை. வாத்தியாருடையதில் பேசத்தான் முடியும், நெட் வராது. கீழே இறங்குகிற வழியில், மூன்றாவது வளைவோ நான்காவதோ, அங்கே இரண்டு கோடு வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். மணி நாலே முக்கால். ஒரு கோப்பு ஏறியது. அடுத்ததில் வட்டம் சுற்றியது. நான் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஐந்து பன்னிரண்டுக்கு 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தது. நான் ஏதேதோ பேசினேன். அவள் போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் தவணை போட்டு அவள் ஒரு லேப்டாப் வாங்கினாள். அதன் பாஸ்வேர்டை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என் ஆதார், வண்டி இன்ஷூரன்ஸ், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறாள். கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிறாள். அவை எந்தப் பெயருள்ள போல்டரில் இருக்கின்றன என்று கேட்க மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.