கயிற்றக்கா தம்பி மகளை மறித்த கதை

சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் கிடக்கும் பொட்டலில், பொழுது விடிகிற நேரத்துக்கு ஒரு பொம்பளைக் குரல் கேட்கும். "கால் வைக்கிறியா, கடப்பாரை போடுறியா? ஊரையே எழுப்புற!" குரலுக்கு உரியவளைக் கயிற்றக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துபோயிற்று.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். தாண்டாததற்கு அவள் வெட்கப்பட்டதில்லை, படவேண்டிய அவசியமும் இல்லை. செங்கல் சுமந்தாள், கிடங்குக்குக் காவல் இருந்தாள், அந்தப் பொட்டலைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் கையாலேயே முள் வெட்டி ஓடுபாதை போட்டாள். எவன் தயவும் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் ஓடுகிற, எறிகிற, குதிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷத்தில் அவளிடம்தான் வந்து நின்றார்கள். இவன் பட்டாளத்துக்கு, இவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு, இவன் வேலைக்கு என்று ஓடவிட்டுப் பார்த்தே பிரித்துவிடுவாள். குண்டு எறிகிற ஒருவனிடம் சொன்னாள்: "பட்டாளத்துல ஓடச் சொன்னா நீ பாதியில உக்காந்து பீடி கேப்ப. துறைமுகத்துல ஆள் எடுக்கிறாங்க, போய்த் தோளைக் காட்டு." இன்றைக்கு அவன் அங்கே மேஸ்திரி.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் கோப்பை கிடையாது. கடைசிச் சுற்று முடிந்து, வேண்டிய அளவு ஆட்கள் கோட்டைத் தாண்டியதும் அதிகாரி விசில் ஊதுவார். உடனே இரண்டு பேர் குறுக்கே கயிற்றை இழுத்துவிடுவார்கள். கயிற்றைத் தாண்டியவர் உள்ளே. மறுபக்கம் நிற்பவர் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் வீட்டுக்கு. அதையேதான் கயிற்றக்காவும் பொட்டலில் செய்தாள். எந்தச் சுற்றில் என்று சொல்லாமல் திடீரென்று கயிற்றை இழுப்பாள். பின்னால் மாட்டியவருக்கு அன்றைய பயிற்சி முடிந்தது. கெஞ்சினால் மறுநாளும் கிடையாது.

அவளுக்கு ஊரில் ஒரே ஒரு பகை. அதுவும் கூடப் பிறந்த பகை. தம்பி அந்த மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். அக்கா தலையில் சுமந்த செங்கல்லில்தான் அவன் படிப்பே எழும்பியது. எழும்பியபின், மேலே நின்றுகொண்டு அவள் பொட்டலுக்கு மாட்டுக் கொட்டகை என்று பெயர் வைத்தான். அவன் பழக்கிய பிள்ளைகள் பந்தயத்தில் கூட்டத்துக்குப் பின்னாலேயே பதுங்கி ஓடி, கடைசிச் சுற்றில் பாய்வார்கள். அவன் மகள் அப்படிப் பாய்ந்தே அலமாரி நிறையக் கோப்பை வாங்கியிருந்தாள்.

அந்த மகளுக்குக் கல்லூரி ஒன்று கூப்பிட்டு இடம் கொடுத்தது. "என் மகள் சீருடை போடப்போறவ" என்று வாத்தியார் வேண்டாமென்று சொல்லிவிட்டான். சேதி கேட்டதும் கயிற்றக்கா நேரே தம்பி வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"கையில இருந்த இடத்தை விட்டுட்டியாமே. அவளை என்கிட்ட அனுப்பு. அந்த ஓட்டம் உன் பந்தயம் இல்ல."

"மாடு மேய்க்கிறவ குதிரைக்கு லாடம் அடிக்க வந்துட்டா."

"குதிரைதான். கடைசியா கிளம்புற குதிரை."

"உன்கிட்ட ஓடிப் பழகுனதுங்க என்ன ஆச்சு? மூட்டை தூக்குது."

"தூக்குதுங்க, திங்குதுங்க. உன்கிட்டப் படிச்சதுங்க கோப்பையை நக்குது."

ஜன்னலுக்குப் பின்னால் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை" என்று ஒரு வார்த்தை வரவில்லை. வாத்தியார் கதவைச் சாத்தினான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் கயிற்றின் ஒரு முனை கயிற்றக்கா கையில் இருந்தது. வருஷா வருஷம் அப்படித்தான். ஓடிவந்து மோதுகிற கூட்டத்துக்கு அசையாத கை வேண்டும் என்று மைதானத்துக் குத்தகைக்காரர் அவளைத்தான் நிறுத்துவார். மறுமுனையில் மைதானக் காவல்காரர்.

முதல் அணியில், தெரியாத ஊர்ப் பெண் ஒருத்தி தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கால் பிசகி விழுந்தாள். விசில் ஊதிவிட்டார்கள். கயிற்றக்கா ஒரு மூச்சு நேரம் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தாள். அந்தப் பெண் தவழ்ந்து உள்ளே போய்விட்டாள். அதிகாரி கவனிக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற வாத்தியார் கவனித்தான்.

அடுத்த அணியில் தம்பி மகள். அப்பன் சொல்லிக்கொடுத்தபடியே கூட்டத்தின் வாலில் பதுங்கி ஓடினாள். கடைசிச் சுற்று வந்ததும் பாய்ந்தாள். அதில் குற்றம் சொல்ல முடியாது, பார்க்கிற கண்ணுக்கு விருந்து. ஆனால் முன்னால் போனவர்கள் முழங்கையை விரித்துக்கொண்டு சுவர் மாதிரி ஓடினார்கள். பந்தயத்தில் விடுகிற வழியைப் பிழைப்பில் எவன் விடுவான்? சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக வந்தாள். கையை நீட்டினால் கோட்டைத் தொடலாம் என்ற இடத்தில் விசில்.

காவல்காரர் கை தயங்கியது. கயிற்றக்கா கை தயங்கவில்லை. கயிறு விண்ணென்று விறைத்து, மருமகளின் வயிற்றில் மோதி அவளைப் பின்னால் தள்ளியது.

தண்ணீர்த் தொட்டியடியில் வாத்தியார் அக்காவை வழிமறித்தான். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது.

"எவளோ ஒருத்திக்குக் கயிறு வளையுது. என் மகளுக்கு மட்டும் இரும்பாகுதா?"

"வளைஞ்சது நிஜம். அவ முதல் அடியிலயிருந்து ஓடுனா. உன் மக கடைசிச் சுத்துலதான் ஓடுனா."

"வஞ்சம்னு சொல்லிட்டுப் போயேன்."

"சரி, வஞ்சம். வேற யார் மகளா இருந்தாலும் என் கை தயங்கியிருக்கும். நீ உன் வாசல்ல என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்துன. நான் மைதானத்துல சாத்துனேன். கணக்கு சரியாப் போச்சு."

"செத்தாலும் உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

"செத்தா நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க, அப்ப பாத்துக்கலாம்."

மகளுக்கு அடுத்த வருஷம் இன்னொரு முறை ஓட வயசு இடம் கொடுத்தது, அதோடு சரி. கல்லூரி இடமோ வேறொருத்திக்குப் போய்விட்டது.

சில நாள் கழித்து ஒரு விடியலில் பொட்டலின் வாசலில் வாத்தியாரின் பைக் நின்றது. மகள் மட்டும் இறங்கி வந்தாள். அவன் வண்டியை அணைக்காமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"உங்கப்பன் உள்ள வரலையா?"

"மாட்டுக் கொட்டகைக்குள்ள வரமாட்டாராம்."

"புகை அடிக்காம தள்ளி நிக்கச் சொல்லு. மாடுங்களுக்கு இருமல் வரும்."

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஓட்டம் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் வாலுக்குப் போனாள். இரண்டாம் சுற்றிலேயே கயிறு விழுந்தது.

"வீட்டுக்குப் போ."

"இப்பதான் வந்தேன்."

"இப்பதான் போற."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, கோட்டின் நடுவில் கால் பதித்து நின்றாள். ஓட்டம் தொடங்கியதும் பக்கத்தில் வந்த பையனை முழங்கையால் ஓர் இடி இடித்தாள். கயிற்றக்காவைத் தாண்டும்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அப்பன் அக்காவைப் பற்றிப் பேசும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"உங்களை எனக்குப் பிடிக்கல, அத்தை" என்றாள், ஓட்டத்தை நிறுத்தாமல்.

"பிடிக்க வேணாம். காலைத் தூக்கு."

கயிற்றக்கா கயிற்றை இழுத்தாள். அது மருமகளின் முதுகுக்குப் பின்னால், மற்ற பிள்ளைகளின் வயிற்றுக்கு நேராக விறைத்தது.