மூன்று நிமிடத்துக்கு எழுதிய நான்கு வரி

எனக்குப் பயம் அதிகம். பாம்புக்கும் நாய்க்கும் இல்லை. எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அதெல்லாம் பழகிவிடும். முகம் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் எழுதும் ஆங்கில வரியைப் பார்த்தால்தான் பயம்.

எங்களுக்குக் கோழிப்பண்ணை. நாலு பக்கமும் அடைத்து, பெரிய விசிறிகள் வைத்துக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் ஷெட். சித்திரை வெயிலில் அந்த விசிறி அரை மணி நேரம் நின்றால் கோழிகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். விசிறியையும் ஜெனரேட்டரையும் கவனிக்க ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு புரோகிராம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இணையத்தில் பொதுவில் எழுதி வைத்திருப்பது அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதை அங்கே மூத்தவர் ஒருவர் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே சேரும். அதற்கு ரிவ்யூ என்று பெயர். எனக்கு அது பரீட்சை.

நான் அனுப்பிய திருத்தம் சின்னது. எங்கள் லைனில் கரண்ட் போய் வந்தால் மூன்று பேஸும், அதாவது மூன்று கம்பியிலும், ஒன்றாக வராது. முதலில் இரண்டு வரும், மூன்றாவது ஆடி அசைந்து பின்னால் வரும். பெட்டி ஒரு பேஸை மட்டும் பார்த்துவிட்டு, கரண்ட் வந்தாயிற்று என்று ஜெனரேட்டரை நிறுத்திவிடும். அப்புறம் விசிறி உறுமுமே தவிரச் சுற்றாது. அதனால் கரண்ட் வந்த பிறகும் மூன்று நிமிடம் ஜெனரேட்டரை ஓடவிடும்படி எழுதினேன். அதற்கு மேலே, பின்னால் படிப்பவருக்கு விளக்கமாக நான்கு வரி கமெண்ட் போட்டேன். ஏன் மூன்று நிமிடம், குறைத்தால் என்ன ஆகும் என்று.

மூத்தவர் திருத்தத்தை ஒப்புக்கொண்டார், கமெண்டை ஒப்புக்கொள்ளவில்லை. "இது கமெண்ட் இல்லை, கதை. அந்த எண்ணுக்கு நல்ல பெயர் வைத்தால் புரோகிராமே பேசும். கமெண்ட் பழசாகும், பிறகு பொய் சொல்லும். எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பொய் சொல்லும் கமெண்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 'காத்திருக்கும் நேரம்' என்று பெயர் வைத்தால் எங்கள் ஊர்க் கரண்ட் யாருக்குப் புரியும்? அதை ஒரு தடவை எழுதிக் கேட்டேன். "படிப்பதற்கு இடைஞ்சல்" என்று மறுபடி பதில் வந்தது.

இரண்டாவது தடவை நான் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். அவர்கள் அசையாவிட்டால் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். மனசுக்குள் சரியென்று படவேண்டும் என்பதில்லை. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவள் நான். என் ஆங்கிலத்தை உலகமே பார்த்துச் சிரிக்கும் என்று பயந்தேன். நான்கு வரியையும் அழித்தேன். அவர் நன்றி சொன்னார், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறு வருடம் சித்திரையில் ஒரு நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். யாரோ ஒரு புதியவர் அந்த மூன்று நிமிடத்தை ஐந்து வினாடியாக்கியிருந்தார். 'காரணமில்லாத தாமதம், நீக்கப்பட்டது' என்று குறிப்பு. மூத்தவர் 'சுத்தமாக இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டிருந்தார். பெட்டிகள் மாறிய புரோகிராமை விடிகாலையில் இணையத்திலிருந்து தாமாகவே இறக்கிக்கொள்ளும். எங்கள் பெட்டியும் இறக்கியிருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன். விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அன்று எங்களுக்குக் கரண்ட் போகவில்லை, அவ்வளவுதான். பெட்டியை நிறுத்தி, விசிறிகளைச் சுவிட்சில் நேரடியாக ஓடும்படி மாற்றினேன்.

அப்போதுதான் அத்தை ஞாபகம் வந்தது. என் கணவரின் சின்னம்மா. பரமத்தி வேலூர்ப் பக்கம் அவர்களுக்கும் இதே மாதிரி ஷெட். "வெச்சுப் பாருங்க அத்தை, கவலையில்லாம இருக்கலாம்" என்று நச்சரித்து அந்தப் பெட்டியை மாட்டிவிட்டவளே நான்தான்.

அத்தைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அத்தைக்கு. நடுவில் புரோகிராம் பக்கத்தில், 'இதை யாரும் இறக்க வேண்டாம், கோழி சாகும்' என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். இலக்கணத்தைப் பற்றி அன்று நினைக்கவே இல்லை. மூத்தவர் சில நிமிடத்தில் பழையபடி மாற்றிவிட்டார். கூடவே, 'மன்னிக்கவும். இவ்வளவு முக்கியமென்று எனக்குத் தெரியவில்லை' என்றார். தெரியும்படி எழுதியிருந்ததை அழித்தவள் நான். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

நாலு மணிக்கு மேல் அத்தையே கூப்பிட்டார்கள். குரல் களைத்துக் கிடந்தது.

"கூப்புட்டியா சாமி? போன எங்கயோ போட்டுட்டேன். காலையில கரண்டு போயி வந்துது. பேன் நின்னதே தெரியல, எல்லாரும் தோட்டத்துல வெத்தல அடுக்கிட்டிருந்தோம். போயிப் பாத்தா ஒரு வரிசைக் கோழி முச்சூடும் போச்சு. மாமா பக்கத்துப் படுதாவக் கிழிச்சுக் காத்து உட்டு மிச்சத்தக் காப்பாத்துனாரு. இப்பத்தான் குழி வெட்டிப் போட்டுட்டு வாரோம்."

நான் போனோடு ஷெட் வாசலில் உட்கார்ந்தேன்.

"நீ வெச்சுக் குடுத்த பொட்டி இருந்துச்சோ, இந்த மட்டும் மிச்சம். இல்லாட்டி மொத்தமும் போயிருக்கும்னு மாமா சொல்லிட்டிருக்காரு. நீ நல்லா இருக்கோணும் சாமி."

சும்மா இருந்திருக்கலாம். கரண்டும் வெயிலும் செய்த வேலை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

"அத்தை, கரண்டோ வெயிலோ இல்லீங்க. அந்தப் பொட்டிதானுங்க ஜெனரேட்டர நிறுத்திருச்சு. நிறுத்தும்னு எனக்கு முன்னயே தெரியுமுங்க. எழுதியும் வெச்சிருந்தேன். ஒருத்தரு வேண்டாம்னாரு, பயந்துட்டு அழிச்சுட்டனுங்க."

அந்தப் பக்கம் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

"மாமா இங்கதான் உக்காந்திருக்காரு" என்றார்கள் அத்தை. இந்தத் தடவை செல்லமாகச் சாமி என்று சொல்லவில்லை. "எங்கிட்டச் சொன்னத அவருகிட்ட நீயே சொல்லு. இந்தா, குடுக்கறேன்."