என் கொப்பியை யாரும் களவெடுக்கவில்லை

இன்று தோர்ன்டன் ஹீத் போகும் பஸ்ஸில் நண்பர் யோகனின் மகளைக் கண்டேன். பல்கலைக்கழகத்தில் பற்றரி ஆராய்ச்சி செய்கிறாள். பணம் தருவது அமெரிக்க அரசு.

"என்ன பிள்ளை, ஆராய்ச்சி எப்படிப் போகுது?"

"விவரமாச் சொல்லேலாது மாமா. இப்பதான் பாதுகாப்புப் பயிற்சி முடிச்சனான். வேற நாட்டுக்காரர் களவெடுத்துப் போடுவினமாம். பஸ்ஸில லப்டொப் திறக்கவும் கூடாதாம்."

எனக்கு வயிறு எரிந்தது. யாரும் சொல்லித்தராமல் நானே படித்து, முப்பது வருடமாகத் தினமும் மழை அளந்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். ஒரு நாடும் எட்டிப் பார்த்ததில்லை.

மழைக் கொப்பியை வேண்டுமென்றே இருக்கையில் விட்டுவிட்டு இறங்கப் போனேன்.

"மாமா, கொப்பியை விட்டிட்டுப் போறியள்!"

கதவடிக்கு ஓடிவந்து கொடுத்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனிப் பூட்டித்தான் வைப்பேன். உள்ளே என்ன இருக்கிறதென்று நீங்களாவது கேளுங்கள். சொல்ல மாட்டேன்.