பாலத்துக்கு அப்பால் இருந்த புல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் பின்னால் ஐந்து மாடுகள் நின்றன. அவை தின்னும் புல் களனி ஆற்றுக்கு அப்பால் இருந்தது. நடுவில் பாலம். பாலத்தின் தொடக்கத்தில் இராணுவச் சோதனைச் சாவடி. யுத்தகாலத்தில் எங்கள் பிழைப்பு இவ்வளவுக்குள்தான் கிடந்தது.

புல்லை ஒப்பந்தத்துக்கு வெட்டிக் கொண்டுவந்தவர் அக்கரையில் இருந்த ஒரு சிங்களவர். ஆட்களும் கத்திகளும் அவருடையவை, லொறி வாடகைக்கு. வேறு மாட்டுப்பட்டிகளுக்கும் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருவார். வருகிற கினியாப்புல் பூத்து முற்றியிருக்கும். மாடுகள் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். விவசாயப் பாடத்தில் படித்ததை அப்பாவிடம் சொன்னேன்: புல்லைப் பூக்குமுன் வெட்டவேண்டும், சூடேறுமுன் மாட்டுக்குப் போடவேண்டும்.

"இதைச் சொல்லவோ உன்னைப் படிப்பிச்சனான்? மாட்டைக் கேட்டாலே சொல்லும்," என்றார் அப்பா. "இப்ப என்ன செய்யவேணும் எண்டு சொல்லு."

"நாங்களே வெட்டுவம் அப்பா. தோளிலை கொழுவுற புல்லு வெட்டுற மெஷின் ஒண்டும், பெட்டி பூட்டின லாண்ட்மாஸ்டர் டிராக்டரும் வாங்கினால் ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

"ஆர் ஓட்டுறது?"

"நான்."

"பாலத்தாலயோ?"

"ஐடென்டி கார்ட் இருக்குத்தானே."

அம்மாவின் காப்புகள் போய், இயந்திரங்கள் இரண்டும் வந்தன.

முதல் நாள் பனியோடு வெட்டிய இளம்புல்லை ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். சாவடியில் நின்ற சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் கிளிநொச்சி என்றிருந்தது. "பஹின்ன," என்றான். இறங்கினேன். புல்லுக்குள் இரும்புக்கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். பிறகு முழுவதையும் இறக்கச் சொன்னான். பெற்றோல் கானைத் திறந்து முகர்ந்தான். இயந்திரம் எதற்கு, யாருடையது, எந்த வீடு என்று கேள்விகள். கொதிக்கிற தார் ரோட்டில் கிடந்த புல்லை நான் திரும்ப அள்ளி ஏற்றும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீட்டில் பெட்டிக்குள் கை வைத்தால் அவித்த கீரை போலச் சுட்டது. மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். சிப்பாய் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவனுக்கு அது வேலை. எங்களுக்குப் பால் இறங்கிக்கொண்டே வந்தது. கோயில் அபிஷேகத்துக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்திய அன்று அம்மா கோயில் பக்கமே போகவில்லை.

கடைசியில் அப்பா ஒப்பந்தக்காரரையே கூப்பிட்டார். "தம்பி, மெஷினுகள் எங்கட. நீர் வெட்டிக்கொண்டு வாரும், கூலி தாறன்."

அவர் சிரித்தார். "அப்ப நான் இப்ப முதலாளிட டிரைவரா?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒங்கட பேர்ல இருந்தா என்னையும் எறக்குவாங்க. பொத்தய என்ட பேருக்கு மாத்துங்க."

பொத்த என்றது வாகனப் பதிவுப் புத்தகத்தை. மாற்றும் பத்திரத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். என் படிப்பால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் உபயோகம் அதுதான். அப்பா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

அதன்பிறகு புல் காலையிலேயே ஈரத்தோடு வந்தது. சாவடியில் அவரை மறிக்காமல் கை காட்டி விட்டார்களாம். எங்கள் இயந்திரத்தை நாங்களே வாடகைக்குப் பிடித்தது போலிருந்தாலும், பால் ஏறியது. கோயிலுக்கும் மறுபடி கொடுத்தோம்.

ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. பாலத்தடித் தேநீர்க்கடையில் விசாரித்தேன். வடக்கில் இராணுவத்தில் இருந்த அவருடைய தம்பியைச் சவப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தெருவெல்லாம் துக்கத்துக்கு வெள்ளைக் கொடியாம்.

அப்பா ஆணியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "செத்தவீட்டுக்குப் போகவேணும்."

"என்ன சொல்லிக்கொண்டு போறது அப்பா?"

அவர் சேட்டோடு வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினார். பிறகு கழற்றி ஆணியில் கொழுவினார்.

செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒப்பந்தக்காரர் பெட்டி நிறையப் புல்லோடு வந்தார். தானே அள்ளி மாடுகளுக்குப் போட்டார். அதன்பிறகு லாண்ட்மாஸ்டர் திறப்பைக் கழற்றி மதிலில் வைத்தார்.

"முதலாளி, இனி ஏலா. தமிழ் ஆக்கள்ட வீட்டுக்குப் போகாதே எண்டு அம்மா அழுறாங்க. பொத்தயும் மாத்தித் தாறேன்."

"தம்பியாருக்கு என்ன வயசு?" என்று அப்பா கேட்டார்.

அவர் என்னைக் காட்டினார். "இவர மாதிரித்தான்."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள், மெஷின் ஓட்டமுடியாத தண்டவாளக்கரைக் கல்லுக்குள் கையால் அறுத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாட்டுக்கு அது எந்த மூலைக்கு? அக்கரையில் பட்டி வைத்திருந்த ஒருவருக்கு மாடுகளை விற்றோம். விடியற்காலையில் நானும் அப்பாவும் அவற்றை நடத்திக்கொண்டு பாலத்துக்குப் போனோம். சாவடியில் தடையைத் தூக்கி மாடுகளை விட்டார்கள். எங்களை மறித்து அட்டை கேட்டார்கள்.

மாடுகள் எங்களுக்காக நிற்கவில்லை. அட்டைகள் திரும்பக் கைக்கு வந்தபோது ஐந்தும் அக்கரையில் இறங்கி, இன்னும் பூக்காத புல்லில் வாய் வைத்திருந்தன. நான் அவற்றைச் சாய்த்து ரோட்டுக்கு ஏற்ற ஓடப் போனேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். "விடு, தின்னட்டும்."