சும்மா கொடுத்த கருவாடு

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் சமைக்கிறேன். காலேஜில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் புதுச்சேரி மொத்தமும் வருடத்துக்கு என்ன சம்பாதித்தது என்று கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். செத்துப் போனவர்கள் சம்பாத்தியத்தை இப்போது கூட்டி யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று நான் கேட்கவில்லை. குழம்பில் உப்பு சரியா என்று மட்டும் கேட்பேன்.

கப்பலில் ஏறியது, மில்லில் நெய்தது எல்லாம் பழைய ரிஜிஸ்டரில் இருக்கிறதாம். கடற்கரை ஜனங்கள் பக்கம் மட்டும் காலி. அதற்காக என் மாமியாரைக் கூட்டி வரச் சொன்னார்.

அத்தை பிள்ளைச்சாவடியில் பிறந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளைக்காரன் போவதற்கு முன்பு, சின்னப் பெண்ணாக, தன் அம்மா பின்னால் கருவாட்டுக் கூடை சுமந்தவர். முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"எங்கம்மா பட்ட பாட்ட அதுல எழுதுவாரா?"

எழுதுவார் என்றேன். சொன்னது என் வாய்தான்.

வாத்தியார் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார். பாட்டி, பாட்டி என்றார். அவருக்கே எழுபது. அத்தை என் பக்கம் சாய்ந்து, "நான் இவனுக்குப் பாட்டியாம். இவன் மண்டையப் பாரு" என்றார்.

வாத்தியார் கேட்டதெல்லாம் வருமானம். அத்தைக்கு வருமானம் என்றால் ஆபீஸ் சம்பளம். "வருமானம்லாம் ஏது. சும்மாதான் குடுப்போம்" என்றார்.

அது எங்கள் பேச்சு. கருவாட்டுக் கூடையோடு மேற்கே உழவர் வீடுகளுக்கு நடப்பார்கள். வீட்டுக்காரர்கள் நெல் அளந்து போடுவார்கள். காசு கை மாறவில்லை என்றால் சும்மா. மூட்டை நெல்லோடு திரும்பினாலும் சும்மாதான். வழியில் சுங்கக்காரன் கூடைக்குள் கைவிட்டு இரண்டு வாளைக் கருவாட்டை எடுத்துக்கொள்வான். இதெல்லாம் அத்தை சொல்வதற்குள் வாத்தியார் நோட்டை மூடிவிட்டார். காப்பி குடிக்கச் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து மேஜை துடைக்கும்போது டைப் அடித்த தாள் கிடந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடலோரப் பெண்கள் கருவாட்டை இலவசமாக வழங்கினர், அதில் வருமானம் இல்லை என்று இருந்தது. இலவசமாக வழங்கினராம், தேர்தலுக்கு மிக்ஸி கொடுக்கிற மாதிரி. பசித்த வயிற்றோடு பத்து மைல் நடந்து தானம் பண்ணினார்களாம்.

"சும்மான்னா நெல்லுக்குத்தான் சார். காசுக்கு இல்ல, அவ்ளோதான்" என்றேன்.

சிரித்தார். பிரெஞ்சு ரிஜிஸ்டர் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்தார். அத்தை பிறந்ததைப் பதிந்த பக்கம். அத்தையின் அம்மா பேருக்கு நேராக விரலை வைத்து, சான் புரொஃபெசியோன் என்று படித்தார். தொழில் இல்லை என்று அர்த்தமாம்.

"அப்பவே சர்க்கார் ரிஜிஸ்டர்ல இருக்கும்மா. நான் என்ன பண்றது?"

எழுதின குமாஸ்தா அன்று மத்தியானம் யார் உலர்த்தின கருவாட்டைத் தின்றுவிட்டு எழுதினானோ. சுங்கக்காரன் எடுத்த வாளையும் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. அந்தக் குமாஸ்தா எழுதினதைப் பார்த்து எழுத இவருக்கு இத்தனை படிப்பு.

மறுநாள் வழக்கம்போலப் போனேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. சமையல் அறையில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, டிபன் ஆகலையா?"

"சும்மா இருக்கேன் சார்."

ஓட்டலில் வாங்கித் தின்றார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோட்டோடு சமையல் அறைக்கே வந்தார். ஒரு கூடைக்கு எத்தனை படி நெல் என்று கேட்டார். அத்தையைக் கேட்டு வந்து சொன்னேன். எழுதிக்கொண்டார். ரசம் வைத்தேன்.

புத்தகம் வந்தது. தடியாக இருந்தது. நீயே சும்மா வைத்துக்கொள் என்று ஒன்று கொடுத்தார். அத்தையிடம் எடுத்துப் போனேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்தைத் தடவினார்.

"எங்கம்மா எங்க இருக்கா?"

அவர் விரலைப் பிடித்து வைத்தேன். "இங்க, அடியில. சின்ன எழுத்துல நெல்லு வாங்குனதப் போட்டிருக்காரு."

"மேல?"

"மேல பழசுதான் அத்தை. இலவசமாக் குடுத்தாங்கன்னு."

அத்தை விரலை எடுத்துக்கொண்டார்.

"கூடைக்கு அடியில நாங்க பூச்சி வெச்ச கருவாட்டத்தான் போடுவோம்" என்றார். "எடுத்துக்கினு போ."

மறுநாள் புத்தகத்தை வாத்தியார் மேஜையிலேயே வைத்தேன். ஏன் என்று கேட்டார்.

"சும்மா குடுத்தா எங்க வீட்டுல வாங்க மாட்டோம் சார்" என்றேன். அரிசி களையப் போனேன்.